மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் புதிதாக வந்து குடியேறுகிற குடும்பங்களோடு வேலை செய்கிறவள் நான். ஹெல்த் காட் எடுப்பது பற்றிப் பேச இன்றைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். மிக்க நன்றி.

வந்து இறங்கியவர்களிடம் "ஹெல்த் காட் எடுத்தாச்சா?" என்று கேட்டால், அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "இன்னும் மூண்டு மாதம் ஆகேல்லையே அக்கா." மாமாவோ சித்தியோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. அவர்கள் வந்த காலத்தில் நிரந்தர வதிவிடத்தோடு வந்தவர்களும் மூன்று மாதம் பொறுத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரத்தில், ஒன்ராறியோ அரசு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. தகுதி உள்ளவரின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதி, தொடங்குகிறது. இது தெரியாமல் கர்ப்பிணிப் பெண்கள் முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குளிசை முடிந்த பிறகும் வைத்தியரிடம் போகாமல் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். தயவுசெய்து வந்த முதல் வாரமே இதற்கான அலுவலைத் தொடங்குங்கள்.

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் முன்கூட்டிப் பதிந்து வைப்பதில்லை. வருத்தம் வந்தால் ஓபீடீக்குப் போய், துண்டெடுத்து, வரிசையில் இருந்து, மருந்தோடு வீட்டுக்கு வரலாம். அந்தப் பழக்கத்தில், கனடாவில் கால் வைத்ததோடு வைத்திய வசதியும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி வராது. விமான நிலையத்தில் உங்கள் பத்திரங்களைப் பார்ப்பது மத்திய அரசு. ஹெல்த் காட் தருவது மாகாண அரசு. நீங்களே மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதியவேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

கொண்டுபோக வேண்டியவை மூன்று. குடிவரவு நிலையைக் காட்டும் பத்திரம், ஒன்ராறியோவில் வசிப்பதைக் காட்டும் ஆவணம், அடையாள ஆவணம். மூன்றும் மூலப் பிரதிகளாக இருக்கவேண்டும், போட்டோக்கொப்பி எடுபடாது. ஒரே பத்திரத்தை இரண்டு தேவைக்குக் காட்டவும் முடியாது. நிரந்தர வதிவிடத்தோடு வந்தவர் முதலாவதற்கு அதை உறுதிப்படுத்தும் பத்திரத்தையும், அடையாளத்துக்குக் கடவுச்சீட்டையும் கொடுக்கலாம்.

நம்மவர்கள் மாட்டுப்படுவது நடுவில் இருக்கும் விலாச ஆவணத்தில்தான். சொந்தக்காரர் வீட்டு பேஸ்மென்ற்றில் இருப்பார்கள். ஹைட்ரோ (மின்சார) பில்லும் இன்ரநெற் பில்லும் மாமாவின் பெயரில் இருக்கும். அதனால் வங்கியில் கணக்குத் திறக்கும்போதே, மாதாந்தக் கணக்கு அறிக்கையைத் தபாலில் அனுப்பும்படி கேளுங்கள். கேட்காவிட்டால் இணையத்தோடு நின்றுவிடும். ஏரீஎம் துண்டையும் வங்கி எழுதிக் கொடுக்கும் கடிதத்தையும் ஏற்கமாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் பெயரில் உள்ள வாடகை ஒப்பந்தத்தைக் காட்டலாம்.

அடுத்தது பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் முழு நீளத்துக்கு இருக்கும். வங்கியில் சிவசுப்பிரமணியம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது எங்கேயோ ஒரு 'எச்' கூடியிருக்கும். கவுண்டரில் இருக்கிறவர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் ஓட்டிப் பார்ப்பார். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார். கைக்குழந்தையோடு பனிக்குள்ளால் பஸ் பிடித்துப் போனவருக்கு அது சின்ன விஷயமல்ல. கணக்குத் திறக்கும் அன்றே, கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள்.

ஓஹிப் எல்லோருக்கும் கிடைக்கும் என்றில்லை. வேலை அனுமதியில் வந்தவர் ஒன்ராறியோ முதலாளியிடம் ஆறு மாதமாவது முழுநேர வேலை செய்கிறவராக இருக்கவேண்டும். சர்வதேச மாணவர்களுக்குக் கல்வி நிறுவனம் ஊடாகத் தனிக் காப்புறுதி உண்டு. அகதிக் கோரிக்கையாளர்களை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பார்த்துக்கொள்கிறது. கோரிக்கை ஏற்கப்பட்டதும் அவர்கள் ஓஹிப்புக்குப் பதியலாம். சுப்பர் விசாவில் வரும் அம்மா அப்பாவுக்கு ஓஹிப் இல்லை. குறைந்தது 1,00,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்கான தனியார் காப்புறுதி வேண்டும். அது விசாவுக்கான கடதாசி மட்டும் என்று எண்ணி ஆக மலிவானதைத் தேடாதீர்கள். ஏற்கெனவே உள்ள இருதய வருத்தம், சலரோகம் அதில் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். எந்தக் காப்புறுதியும் இல்லாதவர்களையும் சமூக சுகாதார நிலையங்கள் பார்க்கும். வெட்கப்படாமல் போங்கள்.

காட் கிடைத்தாலும் பல்லு, கண்ணாடி, பாமசி மருந்து அதில் அடங்காது. தனியார் காப்புறுதி இல்லாத 24 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கும், 65 தாண்டியவர்களுக்கும் மருந்துக்கு மாகாணத் திட்டங்கள் உண்டு. வருமானத்தோடு பார்க்க மருந்துச் செலவு கூடினால் ட்ரிலியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 20 முதல் 64 வயதுவரை கண் பரிசோதனைக்குப் பொதுவாகக் காசு கட்டவேண்டும். ஆனால் சலரோகம் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை ஓஹிப் கொடுக்கும். நம் வீடுகளில் சலரோகம் இல்லாத வீடு குறைவு. பார்வை மங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

பதிந்துவிட்டு உடனே ஊருக்கோ மத்திய கிழக்குக்கோ திரும்பிப்போகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். இங்கே குடிவந்த முதல் 183 நாளில் 153 நாளாவது ஒன்ராறியோவுக்குள் இருக்கவேண்டும். அதன் பிறகும் எந்தப் 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள் இங்கே இருந்திருக்கவேண்டும். ஊரில் உள்ள அலுவல்களைத் திட்டமிடும்போது இந்தக் கணக்கையும் பாருங்கள்.

புதிதாக வந்தவர்கள் வீடு மாறிக்கொண்டேயிருப்பார்கள். மாறினால் 30 நாளுக்குள் புது விலாசத்தை சேர்விஸ் ஒன்ராறியோவுக்கு அறிவியுங்கள். காட் சம்பந்தமான தபால் பழைய பேஸ்மென்ற்றுக்குப் போய்க் கிடந்தால், காலாவதியான காட்டோடு கிளினிக் வாசலில் நிற்கவேண்டி வரும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 811ஐ அழையுங்கள். எந்த நேரமும் ஒரு தாதி பேசுவார். தமிழில் பேசவேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.