பேர் இல்லாத வேஷங்க

(மீன்பிடித் தடைக்காலத்துல, ராமநாதபுரத்துக் கடக்கரையில இருக்கிற எங்க ஊர்த் திருவிழா மேடையில பேசுனது. எழுத்துல வேணும்னு சில பேர் கேட்டதால பேசுனபடியே டைப் பண்ணிருக்கேன், பெருசா எதையும் மாத்தல.)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி மணல்ல உக்காந்துருக்கிற பிள்ளைகளுக்கு மொதல் வணக்கம், விடிய விடிய முழிச்சிருக்கப் போறது நீங்கதான். விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அதனால இன்னைக்கு படகு வச்சிருக்கிற சம்மாட்டியும் இருக்காக, கூட கடலுக்குப் போற ஆளுகளும் இருக்காக, ஊரே இப்படி ஒண்ணா உக்காந்திருக்கிறத வருசத்துல இந்த நாள்லதான் பாக்க முடியும். பத்து மணிக்கு வள்ளி திருமணம் நாடகம். அதுக்கு முன்னாடி என்னையப் பேசச் சொல்லிருக்காக. நாடகத்துலயும் கதையிலயும் திரும்பத் திரும்ப வர்ற ஆளுகளப் பத்திப் பேசப்போறேன். ராஜபார்ட், பபூன், தோழி, கஞ்சன், நொண்டி, பண்ணையாரு. மேடையில ஏறி நின்னதுமே இவுக இன்னாருன்னு நமக்குத் தெரிஞ்சுபோற ஆளுக.

முக்குல ஒட்டிருக்கிற நோட்டீஸப் பாத்திருப்பீக. ஒவ்வொருத்தர் போட்டோவுக்குக் கீழயும் ஒரு ஊர்ப்பேரு இருக்கும். ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் வேற ஊரு, டான்ஸ் வேற ஊரு, ஆர்மோனியம் மிருதங்கம் எல்லாம் தனித்தனி ஊரு. இவுகள்ல சில பேர் ஒருத்தர ஒருத்தர் மொதத் தடவ பாக்குறதே இன்னைக்கு மேக்கப் போடுற எடத்துலதான். ஒத்திகைன்னு ஒண்ணு கெடையாது. ஆனா பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் ஒரு எடம் சிக்காம நடக்கும். சின்ன வயசுல எனக்கு இது பெரிய அதிசயமா இருந்துச்சு, இப்பவும் அதிசயமாத்தான் இருக்கு. எப்படி முடியுதுன்னா, வேஷம் எல்லாருக்கும் தெரிஞ்ச வேஷம். ராஜபார்ட் எங்க நிக்கணும், பபூன் எங்க குறுக்க வரணும், பின்பாட்டு எங்க எடுக்கணும்னு எல்லாரு ஒடம்புலயும் ஏறிக் கெடக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) கட்டிக் குடுத்த கதையும் பாட்டும் நடுவுல தூண் மாதிரி நிக்குது, அதச் சுத்தி ஆடுறவுக அவுகவுக திறமைய அவுத்து விடுறாக. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்குற தர்க்கத்த எடுத்துக்கங்க. வள்ளி வள்ளிதான், நாரதர் நாரதர்தான், ஆனா அவரு இன்னைக்கு என்ன கேள்வி கேப்பாரு அந்தம்மா என்ன பதில் சொல்லும்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. நம்ம அப்பத்தாமாருக அந்த எடத்துக்காகத்தான் தூக்கத்த விட்டு முழிச்சிருப்பாக.

நாடக நடிகர் விஸ்வநாததாஸ் கதைய இந்த எடத்துல சொல்லியே ஆகணும். வள்ளி திருமணத்துல தினைப்புனத்துல பறவை ஓட்டுற காட்சி வருதுல்ல, காலங்காலமா வர்ற காட்சி, எல்லாருக்கும் மனப்பாடம். அந்தக் காட்சியில வெள்ளைக் கொக்க விரட்டுற பாட்டப் பாடுனாரு அவரு. வெள்ளைக் கொக்கு யாருன்னு கீழ உக்காந்திருந்த சனத்துக்குச் சொல்லாமலே புரிஞ்சுச்சு, போலீசுக்கும் புரிஞ்சுச்சு. எத்தனையோ தடவ ஜெயிலுக்குப் போனாரு. 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில முருகன் வேஷத்துல மேடையில இருக்கும்போதே உசுரு போச்சு. காட்சி பழசு, பாத்திரம் பழசு, எத்தனை வருசமா வர்ற தினைப்புனம், அதுக்குள்ள ஒரு நாட்டோட கோவத்தையே வச்சுப் பாட முடிஞ்சிருக்கு.

இது நம்மகிட்ட மட்டும் இருக்கிற வழக்கம் இல்ல. இத்தாலி நாட்டுல பாதுவாங்கிற ஊர்ல 1545ல நடிகர்க சில பேர் சேந்து ஒப்பந்தம் எழுதி ஒரு கம்பெனி கட்டுனாக. அந்த மாதிரிக் கம்பெனிகள்ல எழுதுன வசனம் கெடையாது, இந்தக் காட்சியில இது நடக்கும்னு ஒரு சுருக்கம் மட்டும் இருக்கும். ஆளுக எல்லாம் நிலையான ஆளுக, அதுல பாதிப் பேருக்குத் தோல்ல செஞ்ச முகமூடி. பந்தலோனேன்னு ஒரு கெழட்டுக் கஞ்ச வியாபாரி, தோத்தோரேன்னு தப்புத்தப்பா லத்தீன் பேசுற படிப்பாளி, வீரம் பேசிட்டு ஓடிப்போற கேப்டன், எப்பவும் பசியோட அலையுற வேலைக்காரன் ஆர்லெக்கினோ. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் என்னன்னா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொந்த ஊரு உண்டு, அந்த ஊரு பேச்சும் உண்டு. கஞ்சன் வெனிஸ்காரன், படிப்பாளி பொலோஞாக்காரன், வேலைக்காரன் பெர்காமோக்காரன். இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

வடமொழி நாடகத்துக் கோமாளி விதூஷகன், தோல்பாவைக்கூத்துல ராமாயணத்துக்கு நடுவுல வந்து சிரிக்க வைக்கிற உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், பள்ளு நாடகத்துல ரெண்டு பொண்டாட்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட குடும்பன், குறவஞ்சியில குறி சொல்ல வர்ற குறத்தி, எல்லாம் ஒரே ஜாதகம்தான். ஒவ்வொண்ணையும் விரிச்சா விடிஞ்சுரும்.

ஆனா நொண்டியப் பத்திப் பேசாமப் போக முடியாது, அவன் நம்ம கரைக்கு வேண்டப்பட்டவன். நொண்டி நாடகம்னு ஒரு வகை இருந்துச்சு. ஒரே ஒரு ஆளு, ஒத்தக் கால்ல ஆடிக்கிட்டே தன் கதையத் தானே சிந்துல பாடுவான். நல்லாப் பொறந்தேன், ஊர் சுத்துனேன், தாசி மேல மோகம் வச்சேன், காசெல்லாம் போச்சு, திருட எறங்குனேன், குதிரையத் திருடப் போயி மாட்டுனேன், கால வெட்டிட்டாக, அப்பறம் தெய்வத்த நம்பிக் கும்பிட்டேன், போன காலு வந்துச்சு. எந்த நொண்டி நாடகத்த எடுத்தாலும் கதை இதேதான். அந்தச் சிந்தும் நாடகத்தோட செத்துப்போயிறல, பாரதியாரே நொண்டிச் சிந்துல பாடிருக்காரு.

இப்ப கவனிங்க. திருச்செந்தூர் நொண்டி நாடகத்துல அந்த நொண்டிக்குக் காலு குடுக்குறது முருகன். இங்க இருக்கிற கீழக்கரைக்கு அதே நொண்டி வர்றான். சீதக்காதி நொண்டி நாடகம். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுறதுக்கு ஆதரவா நின்ன வள்ளல், செத்தும் கொடுத்தான்னு இன்னைக்கும் நம்ம வாயில வர்றாரே, அதே சீதக்காதி. இந்தத் திருடன் அவருகிட்ட வந்து சேருறான், அவரு அவன மக்காவுக்கு அனுப்பி வைக்கிறாரு, அங்க போயி அவனுக்கு ஒறுப்பு திரும்பி வருது. அதே திருடன், அதே தாசி, அதே குதிரை, அதே சிந்து. முருகன் கும்பிடுற ஊர்ல ஆடுனவன் பள்ளிவாசல் ஊர்லயும் ஆடுனான், யாருக்கும் அவன் வெளியாளாத் தெரியல, ஏன்னா நொண்டிய எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும். புதுசா எழுதுன ஒரு பாத்திரத்தால இத செஞ்சிருக்க முடியுமான்னு நான் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன், முடியாதுன்னுதான் எனக்குப் படுது. கூட்டத்துல இருக்கிற ரெண்டு தரப்புக்கும் பழகுன ஆளாலதான் ரெண்டு வீட்டுக்குள்ளயும் கேக்காமப் போக முடியும்.

இதுக்கும் முன்னாடி போனா நம்ம நெய்தல். சங்கப் பாட்டுல காதல் பாடுற அகத்திணைக்கு ஒரு சட்டம் இருக்கு, தொல்காப்பியம் சொல்லுது, ஒருத்தரச் சுட்டிப் பேர் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, பாங்கன், செவிலி, பாணன், அவ்வளவுதான். எல்லாரும் நான் சொல்ற இந்த வகை ஆளுகதான். ஐங்குறுநூறுல நெய்தலுக்கு மட்டும் 100 பாட்டு, அம்மூவனார் பாடுனது, அதுல தொண்டிப்பத்துன்னு ஒரு பத்தே இருக்கு. (அது நம்ம தொண்டி இல்ல, சேர நாட்டு மேலக்கரைத் தொண்டி. நம்ம தொண்டிப் பிள்ளைக கோவிச்சுக்கக் கூடாது.) ஊருக்குப் பேர் இருக்கு, பொண்ணுக்குப் பேர் இல்ல. ஏன் அப்படி வச்சாகன்னு நெனச்சுப் பாத்தா, பேர் வச்சுட்டா அது யாரோ ஒரு பொண்ணோட கதையாப் போயிரும். பேர் இல்லாதப்போ கரையில காத்துக்கிட்டு நிக்கிற எந்தப் பொண்ணும் அதுக்குள்ள போயி நின்னுக்கலாம். ஆனா அந்தத் தலைவி சும்மா அழுதுக்கிட்டு மட்டும் இருக்கமாட்டா. கோவப்படுவா, கடலப் பாத்து நாரையப் பாத்து நண்டப் பாத்துப் பேசுவா, தோழி அவளுக்காக தலைவன்கிட்ட நறுக்குன்னு கேப்பா. வேஷம் ஒண்ணுதான், அதுக்குள்ள இருக்கிற மனசு பாட்டுக்குப் பாட்டு வேற.

படிச்சவுக சில பேரு இந்த மாதிரி ஆளுகள மட்டமாப் பேசுவாக. இ.எம். ஃபார்ஸ்டர்னு ஒரு இங்கிலாந்து நாவலாசிரியர் 1927ல கதையில வர்ற ஆளுகள தட்டை, உருண்டைன்னு ரெண்டாப் பிரிச்சாரு. தட்டைன்னா ஒரே ஒரு குணத்துல அடங்கிப்போற ஆளு. நம்ம விமர்சகர்க அத எடுத்துக்கிட்டு தட்டைன்னாலே திட்டு மாதிரி ஆக்கிட்டாக. ஆனா அவரே என்ன சொல்றாருன்னா, டிக்கன்ஸ் எழுதுன ஆளுக கிட்டத்தட்ட எல்லாருமே தட்டைதான், இருந்தும் மனுச ஆழம் தெரியுதுன்னு சொல்றாரு. அத யாரும் சேத்துச் சொல்றதில்ல.

அப்ப எனக்கு இந்த வகை ஆளுக மேல கோவமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. நான் வெளியூர்ல காலேஜ் படிச்சப்போ ஹாஸ்டல்ல ஒரு நாடகம் போட்டாக. நான் ராமநாதபுரத்துக் கடக்கரைன்னு தெரிஞ்சதும் மீனவன் வேஷம் எனக்குன்னு முடிவு பண்ணிட்டாக. சந்தோசமாத்தான் போனேன். லுங்கிய மடிச்சுக் கட்டி, கழுத்துல சிலுவை, ஒரு கையில பாட்டில், இன்னொரு கையில கத்தி. வந்ததும் பொண்டாட்டிய அடிக்கணும். வசனம் முழுக்க மெட்ராஸ் பாஷை. எங்க பக்கம் இப்படிப் பேசமாட்டாக, வந்தாக போனாகன்னு பேசுவாகன்னு சொன்னேன். அப்படிப் பேசுனா மீனவன்னு தெரியாதேப்பான்னு சொல்லிட்டாக. கடக்கரையில பொறந்து வளந்த நான் பேசுனா மீனவன்னு தெரியாதாம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. முப்பது வருசம் ஆச்சு, அந்த வார்த்தை இன்னும் போகல.

இத்தாலிக் கஞ்சனுக்கு வெனிஸ் பேச்சு இருந்துச்சுன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். அந்த வேஷம் ஒரு ஊர்லேருந்து மொளைச்சு வந்துச்சு, அந்த ஊர்க்காரன் முன்னாடி உக்காந்து பாத்தா தப்ப உடனே கண்டுபுடிச்சிருவான், அந்தப் பயம் நடிகனுக்கு இருக்கும். சினிமாவுல நம்மளுக்குச் செஞ்சு வச்ச மீனவன் வேஷத்துக்கு அந்தப் பயம் இல்ல. பாம்பன்காரரும் சரி, தேவிபட்டினத்துக்காரரும் சரி, மூக்கையூர்க்காரரும் சரி, படத்துல எல்லாருக்கும் ஒரே நாக்கு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஆளுகளுக்கு இன்னும் மோசம், பாய்னா ஒண்ணு ஹீரோவுக்காகச் செத்துப்போற நண்பன், இல்லன்னா குண்டு வைக்கிறவன். கப்பல் ஓட்டி வியாபாரம் பாத்த மரைக்காயர் குடும்பத்துப் பிள்ளை அதப் பாக்கும்போது என்ன நெனைக்கும்? நொண்டிய வச்சு ரெண்டு வீட்டுக் கதவையும் தொறந்த அதே கரையில, இன்னைக்கு வேஷத்த வச்சுக் கதவச் சாத்துறாக.

டிவிக்காரங்களும் இப்படித்தான். நம்ம ஆளுகள நடுக்கடல்ல புடிச்சுட்டுப் போயிட்டா கேமரா வரும். வந்ததும் அழுகுற பொம்பளையத் தேடும். நெய்தலுக்கு உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கே உரிய உணர்ச்சி, இரங்கல்னு இலக்கணம் சொல்லுது, சரி, அழுகை நம்ம கரையில உண்டுதான், இல்லன்னு யாரும் சொல்லல. ஆனா அந்த அக்கா கண்ணத் தொடச்சுட்டு அடுத்து என்ன சொல்லுதுன்னு நின்னு கேக்க கேமராவுக்கு நேரம் இருக்காது. படகு பேர்ல எவ்வளவு கடன், எந்த ஆபீஸ்ல எத்தனை நாள் நின்னோம், பிள்ளை ஃபீஸ் எப்படிக் கட்டுனோம், இதெல்லாம் அது வரிசையாச் சொல்லும். அம்மூவனார் நின்னு கேட்டிருப்பாரு.

இன்னொண்ணு சொல்றேன். கடல்பாசி எடுக்கப் போற நம்ம பொம்பளைக. பாறை கிழிக்காம இருக்க வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சு முங்கி, இடுப்புல கட்டுன பையில பாசிய அள்ளிப் போட்டுக்கிட்டு மேல வர்றாகளே, அவுகளுக்கு எந்த நாடகத்துல வேஷம் இருக்கு? நான் பாத்த எதுலயும் இல்ல. மீனவன் பொண்டாட்டின்னா கரையில நின்னு காத்திருக்கணும்னு எழுதி வச்சுட்டாக, அவளே கடலுக்குள்ள எறங்குறாங்கிறது அந்த அச்சுல அடங்கல. எழுதுற பிள்ளைக இங்க நாலஞ்சு பேரு இருக்கீக, எனக்குத் தெரியும். பழைய வேஷத்த ஒடைக்கணும்னு நான் சொல்லல, பபூனையும் தோழியையும் நாரதரையும் ஒடைச்சுட்டு நமக்கு என்ன கெடைக்கப் போகுது. புதுசா ஒரு வேஷம் பொறக்கட்டும்னு சொல்றேன். பாசிக்காரி. ஒரு மேடையில வந்து, அடுத்த மேடையில வந்து, வெரல்ல துணிச் சுத்தோட ஒரு பொம்பளை உள்ள வந்து நின்னதுமே கடைசி வரிசைச் சின்னப் பிள்ளைகூட ஏ பாசிக்காரி வந்துருச்சுடான்னு சத்தம் போடணும். பேர் வேண்டாம். எங்க அம்மாவும் ஒரு காலத்துல பாசிக்குப் போனவுகதான், அதனாலதான் இத இவ்வளவு நேரம் பேசுறேன்.

ஆர்மோனியப் பெட்டி வந்துருச்சுன்னு சைகை காட்டுறாக, முடிச்சுக்கிறேன். சாயங்காலம் பபூன் அண்ணன் வேன்ல வந்து எறங்குனாரு. டீ குடுத்தேன். டீயக் கையில வாங்குனவரு கேட்ட மொதக் கேள்வி, அண்ணே இந்த ஊர்ல இப்ப என்ன மீன் படுது, தடைக்காலத்துல நாட்டுப்படகுக்காரங்க பாடு எப்படி, பொம்பளைக என்ன வேலைக்குப் போறாகன்னு. அவரு ஊரு கடலே இல்லாத ஊரு. அரை மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னேன். பாசி எடுக்கிறதப் பத்திச் சொன்னப்ப, கால்ல என்ன மாட்டுவாக, எவ்வளவு நேரம் முங்குவாக, கிலோ என்ன வெலைக்கு எடுக்குறாகன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. மொதல்ல மேடையேறுறது அவருதான்.