பிக்கார்ட் திரும்பி வருவாரா? 1990 கோடையில் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் தவித்த தவிப்பு

[திரையில்: விண்கலத்தின் மேல்தளம். சிவப்பு அபாய விளக்குகள்.]

வணக்கம். 1990 ஜூன். அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் மூன்றாவது சீசன், ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ என்ற எபிசோடோடு முடிகிறது. எண்டர்பிரைஸ் விண்கலத்தின் கேப்டன் ஜான்-லூக் பிக்கார்டை எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திரையில் மறுபடி அவர் தோன்றும்போது முகத்தில் பாதி இயந்திரம், தோல் வெளிறிக் கிடக்கிறது. தன் பெயர் லோக்யூட்டஸ் என்கிறார். எதிர்த்துப் பயனில்லை, சரணடையுங்கள் என்று தன் சொந்தக் கப்பலிடமே சொல்கிறார். இந்தப் பக்கம், அவரிடம் வேலை கற்ற துணைத் தளபதி ரைக்கர். கேமரா அவர் முகத்தை நெருங்குகிறது. தன் கேப்டன் இருக்கும் கப்பலைச் சுடச் சொல்லி உத்தரவிடுகிறார். உடனே ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள்.

அடுத்த பாகம் வந்தது செப்டம்பர் 24-ஆம் தேதி தொடங்கிய வாரத்தில். நடுவில் பதினான்கு வாரங்கள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்தவர்களுக்கு ‘தொடரும்’ ஒன்றும் புதிதல்ல. ஆனால் ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்குப் புதிது. அதற்கு முன் ஸ்டார் ட்ரெக்கில் எந்த சீசனும் இப்படிப் பாதியில் நின்றதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டாவது சீசன் எப்படி முடிந்தது தெரியுமா? ரைக்கர் மயங்கிப் படுத்திருப்பார், பழைய எபிசோட்களின் துண்டுக் காட்சிகள் நினைவுகளாக ஓடும். பட்ஜெட் தீர்ந்த நிலையில் எடுத்த எபிசோட் அது. இந்தத் தொடரிலேயே மோசமான எபிசோட் எது என்று கேட்டால் இன்றும் பல ரசிகர்கள் அதைத்தான் காட்டுவார்கள். அப்படி முடித்தவர்கள், ஒரே வருஷத்தில் இப்படியும் முடித்தார்கள்.

[திரையில்: கனசதுர வடிவில் எதிரிகளின் கப்பல்.]

எதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவர்கள் பெயர் ‘போர்க்’ (Borg). பாதி உயிர், பாதி இயந்திரம். எல்லோரும் ஒரே மனதாக இணைந்தவர்கள், தனி மனிதன் என்று யாரும் கிடையாது. யாரைப் பிடித்தாலும் தங்களில் ஒருவராக மாற்றிவிடுவார்கள். முதன்முதலில் வந்தது 1989-ல், இரண்டாவது சீசனில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கதாநாயகன் எப்படியும் பிழைத்துவிடுவான் என்று எந்த ரசிகருக்கும் தெரியும். அப்படியிருக்க, பிக்கார்ட் திரும்ப மாட்டார் என்று ஏன் உண்மையாகவே பயந்தார்கள்?

முதல் காரணம் கதைக்கு வெளியே இருந்தது. இந்தத் தொடர் ஏற்கனவே ஒரு முக்கியப் பாத்திரத்தைக் கொன்றிருக்கிறது. முதல் சீசனில் ‘டாஷா யார்’ (Tasha Yar) என்ற பாதுகாப்பு அதிகாரி திடுதிப்பென்று செத்துப்போனார். இரண்டாவது சீசனில் டாக்டர் க்ரஷரையே காணோம், வேறொரு டாக்டர் வந்துவிட்டார். மூன்றாவது சீசனில்தான் க்ரஷர் திரும்பினார். ஆக, இங்கே நடிகர்கள் போவார்கள், வருவார்கள் என்று பார்த்துப் பழகியவர்கள் ரசிகர்கள். இதற்கு மேல், பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரை விட்டு விலகப்போகிறார் என்றும் பேச்சு அடிபட்டது. ரைக்கர்தான் இனி கேப்டன், அந்த எபிசோடில் புதிதாக வந்த ஒரு பெண் அதிகாரி அவருக்குத் துணை என்று பலரும் கணக்குப் போட்டார்கள்.

இரண்டாவது காரணம் கதைக்கு உள்ளேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது.

இந்த எபிசோடைத் திரும்பப் பாருங்கள். போர்க் படையெடுப்பு என்று சொல்கிறோமே தவிர, முதல் பாதி முழுக்க ரைக்கரின் உத்தியோகப் பிரச்சினைதான். அவருக்குத் தனிக் கப்பலின் கேப்டனாகும் வாய்ப்பு வந்திருக்கிறது. இதற்கு முன்பும் வந்து, வேண்டாம் என்றிருக்கிறார். இந்த முறையும் தயங்குகிறார். அப்போது ஷெல்பி என்ற இளம் அதிகாரி வந்து சேர்கிறார். துடிப்பானவர், ரைக்கரின் நாற்காலி மேல் கண். ஒரு கட்டத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார்: உங்களுக்கு ரிஸ்க் எடுக்கத் தெரியாது, அதனால்தான் ஒரு பெரிய மனிதரின் நிழலிலேயே இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று.

இதைக் கேட்கும் ரசிகர் மனதில் என்ன பதிகிறது? ரைக்கர் மேலே போக வேண்டும், பின்னால் ஷெல்பி தயாராக நிற்கிறார். அப்படியானால் காலியாக வேண்டிய நாற்காலி யாருடையது? யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே பிக்கார்டுக்குப் பிறகான கப்பலை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

[திரையில்: இருண்ட உணவுக்கூடம். ஜன்னலுக்கு வெளியே நெபுலா என்ற விண்மேகம்.]

இந்தக் காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சண்டைக்கு முன்னால் பிக்கார்ட் கப்பலைச் சுற்றி வருகிறார். உணவுக்கூடத்தில் கைனன் தனியாக இருக்கிறார். வூப்பி கோல்ட்பெர்க் நடித்த பாத்திரம். தோல்வி நிச்சயம் என்று தெரியும் போருக்கு முன் தளபதி கப்பலைச் சுற்றி வருவது பழைய வழக்கம் என்று பேச்சு தொடங்குகிறது. ட்ரஃபால்கர் கடற்போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பிரபு இப்படித்தான் சுற்றி வந்தார் என்கிறார் பிக்கார்ட். நெல்சன் திரும்பி வரவில்லையே என்கிறார் கைனன். இல்லை, ஆனால் போரில் ஜெயித்தார்கள் என்று பதில் வருகிறது. அதிர்ச்சி இசை கிடையாது, குரல் உயர்வது கிடையாது. இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கோடை முழுக்க இந்த உரையாடலை அசைபோட்ட ரசிகர் எந்த முடிவுக்கு வந்திருப்பார்? அவரைக் குறை சொல்லவே முடியாது.

பேட்ரிக் ஸ்டூவர்ட் பின்னாளில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கோடையில் அவர் காரில் போகும்போது பக்கத்தில் வந்த காரிலிருந்து ஒருவர், எங்கள் கோடை விடுமுறையையே கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினாராம். அதில் கோபத்தைவிடப் பாசம்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், எழுதியவர் கதை. மைக்கேல் பில்லர் அந்த மூன்றாவது சீசனில்தான் கதைக்குழுவின் பொறுப்புக்கு வந்தார். சீசன் முடிந்ததும் போய்விடலாமா, இருக்கலாமா என்று தனக்கே தெரியாத நிலையில் இதை எழுதினார். ரைக்கரின் தயக்கம் தன்னுடைய தயக்கம்தான் என்று அவரே பின்னர் சொன்னார். பிக்கார்டை எப்படி மீட்பது என்பதற்கும் அப்போது அவரிடம் பதில் இல்லை. அவர் தொடரில் தங்க முடிவெடுத்த பிறகுதான் இரண்டாம் பாகம் எழுதப்பட்டது. ரசிகர்கள் எதைத் தெரியாமல் தவித்தார்களோ, அதை எழுதியவரும் அறியாமல்தான் ‘தொடரும்’ போட்டிருக்கிறார். அந்தக் கடைசிக் காட்சியில் போலித்தனம் துளிகூட இல்லாததற்கு இதுவே காரணம்.

[திரையில்: சிதைந்து மிதக்கும் விண்கலங்கள்.]

செப்டம்பர் வந்தது. போர்க் கூட்டத்தைத் தடுக்க வுல்ஃப் 359 என்ற இடத்தில் திரண்ட நாற்பது கப்பல்களில் முப்பத்தொன்பது அழிந்தன. ரைக்கர் கேப்டன் ஆனார், பிக்கார்டைக் கடத்தி மீட்டார். எல்லாம் ஒரே மனது என்பதால், பிக்கார்ட் வழியாகவே ‘தூங்கு’ என்ற கட்டளையை போர்க் கூட்டத்துக்குள் செலுத்துகிறார் எண்டர்பிரைஸின் இயந்திர மனித அதிகாரி ‘டேட்டா’. கப்பல் தூங்கி, வெடித்துப்போகிறது. இவ்வளவு பெரிய அச்சுறுத்தலுக்கு இவ்வளவு சின்னத் தீர்வா என்ற குறை ரசிகர்களிடம் இன்றும் உண்டு. அந்தக் குறை நியாயமானதே. பதினான்கு வாரம் ஆயிரக்கணக்கானோர் கற்பனை செய்த முடிவுகளோடு எந்த எழுத்தாளரும் போட்டி போட முடியாது.

ஆனால் இதற்கு அடுத்த எபிசோட் இருக்கிறதே, ‘ஃபேமிலி’, அதைத் தவறவிடாதீர்கள். விண்வெளிச் சண்டையே இல்லை. பிக்கார்ட் பிரான்சில் தன் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். அண்ணன் தம்பி இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறுகிறது. போர்க் கூட்டத்தை என்னால் தடுக்க முடியவில்லை என்று பிக்கார்ட் உடைந்து அழுகிறார். வாரா வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் தொலைக்காட்சித் தொடரில், நடந்தது நடந்ததுதான் என்று காட்ட ஒரு முழு எபிசோடை ஒதுக்கினார்கள். கோடையெல்லாம் பயந்த ரசிகர்களுக்குக் கிடைத்த நிஜமான பதில் இதுதான் என்பேன்.

2013 ஏப்ரலில் இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கி அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டினார்கள். இடைவெளியே இல்லாமல் நேராக அடுத்த பாகம். நீங்கள் முதல்முறை பார்ப்பதாக இருந்தால் அப்படிப் பார்க்காதீர்கள். முதல் பாகம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குள் பிக்கார்ட் என்ன ஆவார் என்று உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள், ஏற்கனவே பார்த்தவர்கள் யாரும் பதிலைச் சொல்லிவிட வேண்டாம்.