விழவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார்

[காட்சி: மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு. கீழ்ப்படியில் ஈரத்துணி வாளி.]

எழுபது வயதுப் பாட்டி ஒருவர். போன மாதம் வரை மாடியில் துணி காயப்போட்டதும் அவர்தான், வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் அவர்தான். ஒருநாள் பாத்ரூமில் கால் வழுக்கியது. சுவரில் கையை ஊன்றிச் சமாளித்துவிட்டார். சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து வாளி மருமகள் கைக்குப் போய்விட்டது. வாசலில் ஸ்டிக்கர் கோலம். "நீங்க பேசாம ஒரு இடத்துல உட்காருங்கம்மா" என்கிறான் மகன். பாசம்தான், வேறென்ன?

[காட்சி: டிவி முன்னால் நாற்காலி.]

இதில் பாட்டிக்கு என்ன நஷ்டம்? மாடி ஏறி இறங்குவது தொடைக்கு வேலை. கோலத்துக்குக் குனிந்து நிமிர்வது இடுப்புக்கு வேலை. கொடியில் துணியை எட்டிப் போடும்போது, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தள்ளாடாமல் நிற்கிறாரே, அது சமநிலைக்கு. இதையெல்லாம் யாரும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்கு இருந்த ஜிம்மே அதுதான். ஒரே வாரத்தில் மூன்றும் நின்றுபோயின.

2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை கரைந்திருந்தது. பாட்டி படுத்த படுக்கையாக இல்லைதான். நாற்காலியில் கொஞ்சம் மெதுவாகக் கரையும், அவ்வளவே.

விழுந்துவிடுவோமோ என்ற பயம் நடையையும் மாற்றிவிடும். அடி சின்னதாகும், உடம்பு விறைக்கும், பார்வை தரையை விட்டு நகராது. சுவர், மேசை, கதவு என்று எதையாவது பற்றிக்கொண்டே நடப்பார்கள். நம் வீடுகளில் "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம். மர்ஃபி, ஐசக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982லேயே இதை விழுந்தபின் வரும் ஒரு தனி நிலையாக விவரித்திருக்கிறார்கள்.

[காட்சி: இரண்டு அளவுகோல்கள். ஒன்றில் "உடம்பு", மற்றதில் "பயம்".]

சரி, பயம் வேறு, உண்மையான ஆபத்து வேறா? சிட்னியில் 70 முதல் 90 வயது வரையுள்ள 500 பேரிடம் இரண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். முடிவு 2010இல் வந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இரண்டும் பொருந்தவே இல்லை. 54 பேருக்கு உடம்பு திடமாக இருந்தும் பயம் அதிகம். 100 பேருக்கு உடம்பில் பலவீனம் இருந்தும் பயம் குறைவு. எனக்குப் பிடித்தது இந்த நூறு பேரைத்தான். வெளியே போவதையும் நாலு பேரோடு பழகுவதையும் இவர்கள் விடவில்லை. அதுவே இவர்களுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. பயம் அதிகமாக இருந்தவர்களுக்கோ, உடல்நிலையைக் கழித்துப் பார்த்தாலும், அடுத்த ஒரு வருடத்தில் விழும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது.

அதற்காக "பயப்படாதீங்க பாட்டி" என்று சொன்னால் பயம் போய்விடாது. அதில் நியாயமும் இருக்கலாம். எழுந்ததும் தலை சுற்றுகிறதா, மாத்திரை ஏதாவது புதிதா, கண்ணில் புரையா என்று டாக்டரிடம் முதலில் பார்த்துவிடுங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு விளக்கு.

[காட்சி: சமையல் மேடையைப் பிடித்தபடி ஒருவர் குதிகாலை உயர்த்தி இறக்குகிறார்.]

அப்புறம் கால்கள். குக்கர் விசில் வருவதற்குள் மேடையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகால் உயர்த்தலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பார்க்கலாம். முடியாவிட்டால் ஒரு கை மட்டும். வலுவுக்கும் சமநிலைக்கும் இப்படிப் பயிற்சி செய்யும் முதியவர்களிடம் விழுவது ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது.

[காட்சி: மீண்டும் படிக்கட்டு.]

அந்த வாளிக்கு வருவோம். அதை மகன் தூக்கட்டும். பாட்டி கைப்பிடியைப் பிடித்து முன்னால் ஏறட்டும், அவன் ஒரு படி கீழே பின்னாலேயே வரட்டும். முதல் நாள் பாதிப் படியோடு திரும்பினாலும் சரி. மேலே போய்ச் சேர்ந்த நாளில், துணியை உதறிக் கொடியில் போடுவது பாட்டியின் வேலை.