கூரை ஓட்டு மண்ணில் ஒரு ஒனி முகம்: அவாஜித் தீவுப் பட்டறையில் என்ன செய்யப்போகிறீர்கள்?

[காட்சி: கோயில் கூரை, தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம். முகட்டு முனையில் கொம்பு வைத்த முகம்.]

வணக்கம். ஜப்பானில் பழைய கோயில் எதற்காவது போனால் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்று கூரை முகட்டின் முனையைப் பாருங்கள். கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு முகம் உங்களையே முறைத்துக்கொண்டிருக்கும். இதற்கு ஒனிகவாரா என்று பெயர், ஒனி என்றால் பூதம், கவாரா என்றால் ஓடு. கெட்டது எதுவும் வீட்டை அண்டாது என்ற நம்பிக்கையில் வைப்பது. கூடவே அதற்கு ஒரு வேலையும் உண்டு. இரண்டு பக்கக் கூரையும் முகட்டில் வந்து சேருகிற இடத்தில் முனை திறந்துதான் இருக்கும், மழைத் தண்ணீர் உள்ளே புகுவதற்கு அதைவிட வசதியான வழி கிடையாது. அந்த வாயை அடைக்கும் மூடி இந்த முகம்.

கூரைக்குப் போகும் அதே மண்ணை எடுத்து இந்த முகத்தை நீங்களே செய்யலாம். ஓடு செய்யும் ஊர்களில் சுற்றுலாக்காரர்களுக்கென்றே பட்டறை வகுப்புகள் நடக்கின்றன. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். அங்கே உங்களைச் செய்யச் சொல்லும் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் கூரையில் ஒரு காரணம் இருக்கிறது. அது தெரியாமல் போனால் களிமண்ணில் விளையாடிவிட்டு வந்த மாதிரிதான் இருக்கும். தெரிந்துகொண்டு போனால் அதே ஒரு மணி நேரத்தில் ஒரு தொழிலின் உள்பக்கத்தைப் பார்த்துவிடலாம். அதற்குத்தான் இந்த வீடியோ.

[காட்சி: வரைபடம். கோபே, அகாஷி கைக்கியோ பாலம், அவாஜித் தீவு.]

நாம் பார்க்கப்போவது அவாஜித் தீவு. கோபேயிலிருந்து 1998இல் திறந்த அகாஷி கைக்கியோ பாலத்தைத் தாண்டினால் தீவு வந்துவிடும். தீவுக்குள் ரயில் கிடையாது, கோபேயின் சன்னோமியா பகுதியில் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் கார் எடுக்க வேண்டும். தெற்கே மினாமி அவாஜி நகரத்தில் ட்சுயி என்று ஒரு பகுதி, ஓட்டுக்காரர்களின் ஊர். இந்தத் தீவில் 400 வருடமாக ஓடு சுடுகிறார்கள்.

ஜப்பானுக்கே ஓடு வந்தது அதற்கும் வெகுகாலம் முன்னால். 588இல் கொரியாவின் பேக்ஜே நாட்டிலிருந்து பௌத்தத் துறவிகளோடு கைவினைஞர்களும் வந்தார்கள், அவர்களில் நான்கு பேர் ஓடு செய்கிறவர்கள் என்று பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோக்கி சொல்கிறது. அவர்கள் அசுகா கோயிலுக்குச் செய்த ஓடுகளில் சில, பிறகு நாராவில் கட்டிய கங்கோஜி கோயிலின் கூரையில் இன்றைக்கும் இருக்கின்றன. நாரா போகிறவர்கள் நேரிலேயே பார்க்கலாம். 1,400 வருட மழையை வாங்கிய மண் அது.

சரி, பட்டறைக்குள் போவோம்.

[காட்சி: மேசை மேல் சாம்பல் நிறக் களிமண் பலகை, பக்கத்தில் பிளாஸ்டர் அச்சு, மரக்குச்சிகள், ஈரத்துணி.]

முதலில் மண். உங்கள் கைக்கு வரும்போது அது சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அவாஜி மண் ரொம்ப நைஸான மண், விரல் ரேகை அப்படியே பதியும். அரைத்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கெட்டியான பலகையாகத்தான் உங்கள் முன்னால் வைப்பார்கள். காற்றை ஏன் உறிஞ்ச வேண்டும்? மண்ணுக்குள் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த இடம் பலவீனமாகிவிடும், காயும்போதோ சுடும்போதோ அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கும். அதனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிடிக்கவில்லை என்று மண்ணை மடித்து மடித்து உருட்டாதீர்கள். அவர்கள் வெளியேற்றிய காற்றை நீங்கள் திரும்ப உள்ளே அடைக்கிறீர்கள். தப்பாகிவிட்டால் கேளுங்கள், வேறு மண் தருவார்கள்.

வகுப்புகளில் பொதுவாக இரண்டு மூன்று வகை இருக்கும். தட்டையான கோஸ்டரில் முத்திரை குத்துவது, சின்னத் தட்டு செய்வது, அப்புறம் ஒனி முகம். கோஸ்டர் சீக்கிரம் முடிந்துவிடும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் உங்களுக்கு நேரம் இருந்தால் தயங்காமல் ஒனி முகத்தை எடுங்கள் என்பேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் ஓட்டுக்காரர் அறிய வேண்டியது முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடுகிறது.

[காட்சி: அச்சுக்குள் கட்டைவிரலால் மண்ணை அழுத்தும் கை, மிக அருகில்.]

முகத்தின் அடிப்படை வடிவம் அச்சில் வரும். மண் பலகையை அச்சு மேல் வைத்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் காற்று சிக்கி மூக்கு மொண்ணையாக வரும். மூக்கு, புருவம், கன்னம் எல்லாமே அச்சில் குழிகள், குழிக்குள் மண் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும். அழுத்தினால் மண் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா? நின்றுவிட்டால் அந்த இடம் முடிந்தது.

அடுத்து கனம். மூக்கு இருக்கும் குழியில் மண்ணைத் திணித்து நிரப்பத்தான் கை போகும். நிரப்பக் கூடாது. எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே கனம் இருக்கிற மாதிரி பின்பக்கத்தைக் குடைந்து எடுத்துவிட வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கிவிடும், கனமான இடம் ஈரத்தோடு அப்படியே நிற்கும். இந்த இழுபறியில் இரண்டுக்கும் நடுவே வெடிப்பு விழும். கோயில் கூரையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒனிகவாராக்களும் பின்பக்கம் போய்ப் பார்த்தால் குடைவாகத்தான் இருக்கும். எடையும் குறைகிறது என்பது கூடுதல் லாபம்.

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டர் மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓரம் லேசாக விலகி நிற்கும். கவிழ்த்துத் தட்டினால் முகம் வெளியே வந்துவிடும். இதுவரை எல்லோருக்கும் ஒரே முகம்தான்.

[காட்சி: கொம்பை ஒட்டும் கை. சீப்பு போன்ற கருவியால் கீறல் போடுவது.]

இனிமேல்தான் உங்கள் ஒனி. கொம்பு, பல், காது எல்லாம் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் சீப்பு மாதிரி ஒரு கருவியால் நன்றாகக் கீறிவிட்டு, தண்ணீரில் கரைத்த குழைமண்ணைப் பூசி, அழுத்தி, லேசாக இடமும் வலமும் அசைத்து உட்கார வைப்பார்கள். அந்தக் குழைமண்ணுக்கு டோபே என்று பெயர். கீறாமல் ஒட்டினால் அப்போதைக்கு ஒட்டின மாதிரிதான் தெரியும், காய்ந்ததும் கொம்பு தனியாகக் கையோடு வந்துவிடும். ஒட்டிய பிறகு மூட்டைச் சுற்றி மெல்லிய மண் திரி வைத்துத் தேய்த்துவிடுவது வழக்கம்.

இந்த இடத்தில் ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் மேசையில் முகத்தைப் படுக்க வைத்து மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கூரையில் அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, எல்லோரும் கீழிருந்து அண்ணாந்துதான் பார்ப்பார்கள். அதனால்தான் ஒனி செய்யும் கைவினைஞர்கள், அவர்களை ஒனிஷி என்பார்கள், பார்வையைக் கீழே தள்ளி வைக்கிறார்கள், புருவத்தை முன்னால் துருத்த விடுகிறார்கள், கோடுகளை ஆழமாக வெட்டுகிறார்கள். தூரத்திலிருந்து தெரிவது கோடு இல்லை, அந்தக் கோட்டில் விழும் நிழல். நீங்களும் நடுநடுவே முகத்தைப் பலகையோடு தூக்கிக் கண் மட்டத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். மேசையில் பயங்கரமாக இருந்தது தூக்கிப் பார்த்தால் தூங்கி வழியும். புருவத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் வெட்டினால் விழித்துக்கொள்ளும். எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

ஆரம்ப கால ஒனிகவாராக்களில் இந்த முகமே கிடையாது, தாமரைப் பூ இருந்தது. மிருக முகம் பிறகு வந்தது, கொம்பு அதற்கும் பிறகு. எனவே உங்கள் ஒனிக்குக் கொம்பு வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக விட்டுவிடலாம்.

[காட்சி: உலோக ஹெராவால் தேய்க்கப்படும் மண். மங்கலாக இருந்த பரப்பில் மெல்ல ஒரு பளபளப்பு.]

கடைசி வேலை மெருகு. ஹெரா என்று தட்டையான கருவி, மரத்திலும் இருக்கும் இரும்பிலும் இருக்கும். பாதி இறுகிய மண்ணின் மேல் அதை ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், மெதுவாக இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் ஒன்றும் தெரியாது. நாலைந்து முறை இழுத்ததும் மங்கலாக இருந்த மண்ணில் ஈரம் பட்ட மாதிரி ஒரு மினுமினுப்பு எழும்பும். பரப்பில் இருக்கும் துகள்கள் படுத்து நெருக்கமாகப் படிந்துவிட்டன என்று அர்த்தம். பலர் நேரமாகிவிட்டது என்று இந்த வேலையைத்தான் அவசரமாக முடிப்பார்கள், அது பெரிய நஷ்டம். ஏனென்றால் அவாஜி ஓட்டுக்கு மேலே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு எதுவும் பூசுவதில்லை. மண்ணின் பரப்பு எப்படியோ அப்படியேதான் வெள்ளி நிறம் ஏறும். மெருகு போட்ட இடம் பளிச்சென்று வரும், போடாத இடம் மங்கும், நீங்கள் தெரியாமல் வைத்த விரல் ரேகைகூட அப்படியே நின்றுவிடும். சிலர் வேண்டுமென்றே தலைமுடியையும் தாடியையும் சொரசொரப்பாக விட்டுவிட்டு, நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் மெருகு போடுகிறார்கள். அருமையாக இருக்கிறது.

[காட்சி: நிழலில் வரிசையாகக் காயும் ஓடுகள். பிறகு சூளைக் கதவு.]

உங்கள் பங்கு இத்துடன் முடிந்தது. மீதி அவர்கள் கையில். காற்றும் வெயிலும் நேராகப் படாமல் மெதுவாகக் காய வைப்பார்கள், பிறகு சூளை. சூடு 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். வெந்து முடிந்ததும் சூளையை அடைத்துக் காற்று போகாமல் செய்து உள்ளே எரிவாயுவை விடுவார்கள். எரிவதற்கு ஆக்சிஜன் இல்லாததால் வாயுவில் இருக்கும் கரி பிரிந்து ஓட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். அந்தக் காலத்தில் இதற்குப் பைன் மரக் கிளைகளைப் போட்டார்கள். இப்படிப் புகை ஏற்றிய ஓட்டுக்கு இபுஷி என்று பெயர், கோயில் கூரைகளிலும் கோட்டைகளிலும் பார்க்கும் அந்தச் சாம்பல் கலந்த வெள்ளி நிறம் இதனால் வருவது. சாயம் கிடையாது. அதனால் வருடம் போகப் போக ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு விதமாக நிறம் மாறும்.

[காட்சி: பழைய ஓட்டு வீடுகள் நிறைந்த தெரு.]

ஓட்டுக் கம்பெனிகள் ஏன் சுற்றுலாக்காரர்களை உள்ளே கூப்பிடுகின்றன? 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தின் மையம் இதே அவாஜித் தீவின் வடக்கு முனையில்தான். கோபேயில் ஓட்டு வீடுகள் நிறைய இடிந்து விழுந்தன, ஓட்டின் கனம்தான் காரணம் என்று பேச்சு பரவியது. கனம் உண்மை. இன்றைய சாதாரண ஓடு ஒன்று 2.7 கிலோ வரும், ஒரு சதுர மீட்டருக்கு 16 ஓடு, ஆக 43 கிலோ. பழைய முறையில் அதற்கு அடியில் மண்ணையும் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். ஆனால் சுவர் குறைவான, மரம் உளுத்துப்போன வீட்டை ஓடு மட்டும் சாய்த்துவிட்டது என்று சொல்வது நியாயம் இல்லை. இப்போது அடியில் மண் கொட்டுவதில்லை, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் ஓடுகள் வந்துவிட்டன, 2022 முதல் புதுக் கட்டடங்களில் எல்லா ஓட்டையும் ஆணியோ திருகோ போட்டுப் பொருத்துவது கட்டாயம். இருந்தும் புது வீடு கட்டுகிறவர்கள் இலேசான கூரைப் பக்கம் போய்விட்டார்கள், சூளைகள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சம் இருப்பவர்கள் தரை ஓடு, சுவர் ஓடு, தட்டு என்று வேறு வழி தேடியபோதுதான் இந்த வகுப்புகளும் பெருகின. நீங்கள் கொடுக்கும் சில ஆயிரம் யென் நேராக ஒரு சூளைக்குப் போகிறது.

அவாஜி வர முடியாதவர்களுக்கு வேறு ஊர்களும் உண்டு. நகோயா பக்கம் இருந்தால் தகஹாமா, சான்ஷூ ஓட்டின் ஊர், நாட்டிலேயே அதிகம் ஓடு செய்யும் வட்டாரம் அது. அங்கே 1995இல் திறந்த ஓட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒனிகளைப் பார்த்துக்கொண்டே நடக்க ஒனிமிச்சி என்று ஒரு பாதையும் இருக்கிறது. சான்ஷூ ஒனிகவாரா 2017இல் தேசியப் பாரம்பரிய கைவினைப் பட்டியலிலும் சேர்ந்தது. கியோட்டோவிலிருந்து என்றால் ஓமிஹச்சிமான், பழைய கால்வாய்க் கரையிலேயே ஓட்டு அருங்காட்சியகம். ஷிகோகுவில் இமாபரி பக்கம் கிக்குமா, மெய்ஜி காலத்தில் (1868–1912) டோக்கியோ அரண்மனைக்கு ஓடு அனுப்பிய ஊர்.

[காட்சி: அட்டைப்பெட்டியில் வைக்கோலும் காகிதமும் சுற்றிய ஒனி முகம்.]

போவதற்கு முன்னால் சில விஷயங்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், சின்னப் பட்டறைகளில் சூளை ஏற்றும் நாளில் வகுப்பு இருக்காது. நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மெருகு போடும்போது நகம் பட்டால் கோடு விழும், மோதிரமும் வேண்டாம். ஆங்கிலம் எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் கைவேலைதானே, அவர்கள் செய்து காட்டுவதைப் பார்த்தே பாதி புரிந்துவிடும்.

செய்ததை அன்றைக்கே எடுத்து வர முடியாது. காயவும் சுடவும் சில வாரமாவது பிடிக்கும், சூளை நிரம்பும்வரை காத்திருக்கும் இடங்களில் ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் ஜப்பானுக்குள் மட்டும்தான் அனுப்புவார்கள். அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் முகவரியைக் கொடுக்கலாம். தங்கும் ஹோட்டல் முகவரி மட்டும் வேண்டாம், பெட்டி வந்து சேரும்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.