ஊர் வாயை மூட உலைமூடி இல்லை

(பெரம்பூர்ப் பகுதி நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் தம்பி அவர்களே, வியாசர்பாடியிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் வந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியர் ஐயாவிடம் படித்தவர் இல்லாத தெரு இந்தப் பக்கத்தில் கிடையாது. அவர் இருக்கும் மேடையில் பேசக் கிடைத்ததை நான் பேறாக நினைக்கிறேன். வாசிப்பறையில் வெளிச்சம் போதவில்லை என்று கேட்டதும் விளக்குப் போட்டுத் தந்த மாமன்ற உறுப்பினருக்கு நன்றி. சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி.

பிறர் எதிர்பார்ப்பைச் சுமக்காமல் நம் மனசுக்குச் சரி என்று பட்டபடி வாழ்வது எப்படி என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. படிப்பு, கல்யாணம், முதுமை என்று மூன்று இடங்களில் இதைப் பார்க்கலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் ஒரு பழமொழியை வைத்தே குடும்பம் நடத்தினார்: ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் ஆண்கள் படித்த கல்லூரியில் சேரப் போனபோது ஊரே எதிர்த்தது. தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றுகூடச் சொன்னார்கள். அந்தப் பெண்தான் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டார். அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் நடக்கிறது. அவரைப் பற்றிப் பேசிய ஊர் வாய்களின் பெயர் இன்று ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு வருகிறேன். தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். வருஷக்கணக்காக மாதாமாதம் கட்டிய ஆர்.டி.யை முதிர்வதற்குள் உடைக்க வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பொண்ணு கல்யாணம்மா."

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணம் கைக்கு வந்தது. மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மண்டபம் பார்த்தார்கள். மண்டபம் என்றால் மண்டபத்தோடு நிற்குமா? செண்டை மேளம், ட்ரோன் கேமரா, வாசலில் எல்.இ.டி. திரை, இருபத்தோரு சீர்த்தட்டு, தாம்பூலப் பை. கணக்குப் போட்டால் பி.எஃப். பணம் பத்தாது, மேலே வட்டிக்கு வாங்க வேண்டும். பெண் சொன்னாள், "மண்டபம் வேணாம்பா. மாடியிலயே மாலை மாத்திக்கிறோம். அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம். அவருக்கும் சம்மதம்."

வீடு ரெண்டாகிவிட்டது. விழுப்புரத்திலிருந்து தாய்மாமன் வந்து இறங்கினார். என்னையும் சமாதானம் பேசக் கூப்பிட்டார்கள். மாமன் எழுந்து நின்று, "நாலு பேருக்குத் தெரியாம கல்யாணமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று கத்தினார். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள். "மாமா, அந்த நாலு பேர் யார் யாருன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன். நானே போய்ப் பேசுறேன்."

மாமன் உட்கார்ந்தார். முதல் பெயர் அவருடைய பங்காளி. பெண்ணின் அம்மா சொன்னார், "மொய்த் தகராறுல அவரு நம்ம வீட்டுப் படி ஏறியே பல வருஷம் ஆச்சேண்ணே!" அடுத்தது எதிர்வீட்டம்மா. "அவங்க போன மாசம் மக கல்யாணக் கடனுக்கு நம்மகிட்டதான் கைமாத்துக் கேட்டாங்க." மூன்றாவதாக அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர். அப்பா தலையைக் குனிந்துகொண்டே, "அவன் பையன் கல்யாணத்துக்கு என்னையே கூப்பிடலையே" என்றார். எல்லாருக்கும் சிரிப்பு. நான்காவது பெயருக்கு மாமன் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில், "எழுதிக்கோ, நான்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் தங்கையிடம் சொன்னார்.

கல்யாணம் மாடியில் நடந்தது. மாமன்தான் மாலை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து வடை பாயசத்தோடு சமைத்தார்கள். பி.எஃப். பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தார்கள். தெரு பேசத்தான் செய்தது. "பொண்ணு விஷயம் என்னவோ, அதான் அவசரமா முடிச்சிட்டாங்க" என்றார்கள். அதைக் கேட்டு அந்தத் தாய் ஒரு ராத்திரி முழுக்க அழுதார். வலி இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். மண்டபத்தில் நடத்தியிருந்தாலும் சாம்பாரில் உப்பில்லை என்று பேசியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அம்மா சொன்னது அதுதான்.

நான் உறவை அறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பெற்றோர் சொல்வதில் அக்கறை எது, அந்தஸ்துக் கவலை எது என்று பிரித்துப் பாருங்கள். அக்கறை இருக்கிறவர்கள் உங்களைக் கடனாளியாக்க மாட்டார்கள்.

சட்டம் துணைக்கு இருக்கிறதா என்று சகோதரிகள் கேட்கிறீர்கள். இருக்கிறது. பெரியார் தொடங்கிவைத்த சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் கடைசியிலேயே நடந்தன. அவை செல்லாது என்று 1950-களில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அப்போதும் அந்தத் தம்பதிகள் தாங்கள் நம்பியதை விடவில்லை. 1967-இல் அண்ணா முதலமைச்சரான பிறகு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. முன்பு நடந்த அந்தத் திருமணங்களும் செல்லுபடியாயின. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் கட்டாயமில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம், இந்தத் திருமணத்தை ஊரறிய நடத்தியாக வேண்டும் என்பதே இல்லை என்று சொல்லிவிட்டது. நாலு பேர் வாதத்துக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? வேறு வேறு மதத்தினர் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். எந்த முறையில் செய்தாலும் 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். வரதட்சணை 1961-லிருந்து குற்றம். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம்.

செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். முதுமையைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிள்ளை கல்யாணத்துக்கு மொத்தத்தையும் செலவழித்துவிட்டு முதுமையைப் பற்றித் தனியாகப் பேச எதுவும் மிஞ்சுவதில்லை.

கடன் வாங்கிக் கல்யாணம் செய்ய மாட்டோம் என்று கையெழுத்து வாங்க வாசலருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போன கூட்டத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். இன்றைக்குப் பையனைப் பெற்றவர்கள் முதலில் வாருங்கள். எங்களுக்கு மண்டபம் வேண்டாம், சீர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எதிர்த்தரப்பில் ஒரு தகப்பனாருக்கு அன்றைக்கே தூக்கம் வரும். தலைமை ஆசிரியர் ஐயா தன் பேரனுக்காக முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பேனா என்னிடம் இருக்கிறது ஐயா, வாருங்கள். நன்றி, வணக்கம்.