ஷேவிங் பிரஷ்ஷில் முடிக்கொத்து கழன்று வந்தால்

அடுத்த கேள்வி. "மரத்தில் நானே கைப்பிடி கடைந்து ஷேவிங் பிரஷ் செய்தேன். முடிக்கொத்தை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். சில வாரங்களில் ஆட ஆரம்பித்து, தனியாகக் கழன்று வந்துவிட்டது. எந்தப் பசை போட வேண்டும்? அதே கொத்தைத் திரும்ப ஒட்டலாமா?"

சூப்பர் க்ளூ இந்த வேலைக்கு வேண்டாம். காய்ந்ததும் விறைத்துவிடும்; வெந்நீரில் நனைவது, முகத்தில் அழுத்துவது எல்லாம் சேர்ந்தால் விட்டுப்போகும். அதைவிட முக்கியம், அது இடைவெளியை நிரப்பாது. கொத்தின் அடிப்பக்கம் பெரும்பாலும் சமமாக இருக்காது, நடுவில் மேடாக இருக்கும். கைப்பிடியில் கொத்து உட்காரும் குழியின் அடியில் காலி இடம் விட்டால் தண்ணீர் அங்கே போய்த் தங்கும், மரம் ஊறும், காயும், கடைசியில் விரிசல் விடும். அதனால் தண்ணீரை உள்ளே விடாமல் அடைப்பதும் பசையின் வேலைதான்.

அதற்கு எபாக்ஸிதான் சரி, இரண்டு பாகங்களைக் கலந்து போடும் பசை அது. 5 நிமிடத்தில் இறுகுவதை விட்டுவிட்டு, 30 நிமிட வகையை வாங்குங்கள். அந்த நேரம் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

பசை கலக்கும் முன்னால் கொத்தைச் சும்மா குழியில் வைத்துப் பாருங்கள். கைப்பிடியின் விளிம்புக்கு மேலே முடி எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஆழமாக இறக்கினால் பிரஷ் விறைப்பாக இருக்கும், மேலே நிறுத்தினால் தளர்வாக விரியும். 24 மி.மீ. என்று விற்கும் கொத்தின் அடிப்பாகம் சரியாக 24 இருக்கும் என்று நம்பாதீர்கள், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். குழி அதைவிட அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை பெரிதாக இருந்தால் போதும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழியில்லாமல், நீங்கள் கையை எடுத்ததும் கொத்தை மேலே தள்ளும். குழிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒன்றிரண்டு கோடு கீறிவிட்டால் காற்று வெளியே வந்துவிடும்.

உங்களுடையது மரம் என்பதால் இன்னொரு விஷயம். மரம் எபாக்ஸியை உறிஞ்சும். முதலில் குழி முழுக்க மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து இறுக விடுங்கள். அப்புறம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, ஒட்டும் வேலையை ஆரம்பியுங்கள்.

ஒட்டும்போது பசை அதிகமாகிவிடக் கூடாது. விளிம்புக்கு மேலே பொங்கினால் முடிகளுக்கு நடுவே ஏறிவிடும், ஏறியதை எடுக்கவே முடியாது. குழியின் அடியில் கொஞ்சம், கொத்தின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கொஞ்சம், அவ்வளவுதான். முடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, மெதுவாகத் திருகியபடி இறக்குங்கள். பிறகு கைப்பிடியை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், சாய்வு இருந்தால் உடனே தெரியும். இறுகும் வரை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், கொத்து மெல்ல மேலே எழும்பும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அதுவரை தண்ணீர் படவே கூடாது.

அதே கொத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், முடி உதிராமல் இருந்தால். அடியில் ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அசிட்டோன் ஊற்றிக் கரைக்கப் பார்க்காதீர்கள், முடிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையையும் அது பதம் பார்த்துவிடும். குழிக்குள்ளும் பழைய பசை இல்லாமல் சுரண்டிவிட்டு, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.