கேட்க ஒரு குரல் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்த பெரியோரே, வணக்கம்.

‘குழந்தைகளின் உரிமைக்குப் பெரிதும் துணை நிற்பது கலைஞரின் குரலா, சட்டத்தின் கரமா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், “நடிகர் ஒரு நாள் வருவார், குழந்தையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார், சட்டம்தான் கடைசிவரை நிற்கும்” என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அப்படிப் போகாத ஒருவரைச் சொல்கிறேன்.

பீட்டர் உஸ்தினோவ். லண்டனில் பிறந்த நடிகர், நாடக ஆசிரியர். 1968இல், குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யூனிசெஃபின் நல்லெண்ணத் தூதர் ஆனார். அதற்கு முன்பே இரண்டு ஆஸ்கர் வாங்கியவருக்குப் புகழ் தேட ஒரு புகைப்படமா வேண்டும்? 2004இல் கண்மூடும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஐயா!

எதிரணி பெருமையோடு காட்டிய ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை வந்ததே 1989இல்தான். இந்தியா சேர்ந்தது 1992இல். அமெரிக்கா 1995இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. உஸ்தினோவ் பேசத் தொடங்கியது அந்த உடன்படிக்கைக்கு 21 ஆண்டுகள் முன்பு.

அவர் நாடகம் எழுதியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பனிப்போர்க் காலத்தில், 1956இல், ‘ரோமனாஃப் அண்ட் ஜூலியட்’ எழுதினார். ஒரு குட்டி நாடு. அங்கே சோவியத் தூதரின் மகனும் அமெரிக்கத் தூதரின் மகளும் காதலிக்கிறார்கள். பெற்றவர்களுக்குப் பகை, பிள்ளைகளுக்கு அன்பு. பிள்ளைகள் பக்கம் நின்று வல்லரசுகளைப் பார்க்கிற அந்தப் பார்வை, யூனிசெஃப் அழைக்கும் முன்பே அவர் பேனாவில் இருந்தது. எந்தச் சட்டப் பிரிவு இதைக் கற்றுத்தரும்?

நம் நாட்டுக்கே வருவோம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் 2016இல் செய்த திருத்தம், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்குத் தருகிறது. எதுவரை உதவி, எதிலிருந்து உழைப்பு? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து எந்த ஆய்வாளர் பார்ப்பார்? பெற்றவர் மனசுதான் பார்க்க வேண்டும். அந்த மனசோடு பேசத் தெரிந்தவர் கலைஞர்.

“பேச்சு சோறு போடுமா, தடுப்பூசி போடுமா?” என்று நண்பர் கேட்கலாம். போடும் நண்பரே! யூனிசெஃப் நடப்பது கட்டாயச் சந்தாவில் அல்ல. அரசுகளும் தனி மனிதர்களும் விரும்பித் தரும் பணத்தில்தான் அத்தனை தடுப்பூசியும், அத்தனை பள்ளிக்கூடமும். கொடு என்று அங்கே யாரையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. யாராவது கேட்டாக வேண்டும். உஸ்தினோவ் நாடு நாடாகப் போய், பல மொழிகளில் கேட்டார். நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பை அந்தக் குரலுக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.